இஞ்சி பீர் உறை: எங்கே கோளாறு, என்ன செய்யலாம்?

இஞ்சியையும் சீனியையும் நொதிக்க வைத்து வீட்டில் செய்யும் நுரைப் பானம் இஞ்சி பீர். அதற்கு உறை, அதாவது ஸ்டார்ட்டர், போடும் முறையைக் கேட்டு எழுதி வைத்திருப்பவர்கள் பலரிடம் இருப்பது குளிர் நாட்டுக் கணக்கு. ஏழு நாள் காத்திரு, நாளுக்கு ஒரு முறை இஞ்சியும் சீனியும் தீனியாகப் போடு, போத்தலில் அடைத்து ஒரு வாரம் வெளியே வை. வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும் ஊருக்கு அது சரி. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில், தகரக் கூரை போட்ட சமையலறையில், மத்தியானம் 32 டிகிரி சர்வ சாதாரணம். இங்கே அதே உறை மூன்றாம் நாளே பொங்கி எழும், நான்காம் நாள் பசியில் படுத்துவிடும். படுத்ததைப் பார்த்துச் செத்துப்போனதாக நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். அப்படிக் கொட்டப்படுவதில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கின்றன. அதனால் கையில் சாடியை எடுத்துக்கொண்டு சிங்க் பக்கம் போகும் முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

நல்ல உறை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும். ஒரு லிட்டர் கண்ணாடிச் சாடியில் அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. மறுநாளிலிருந்து தினமும் அதே அளவு இரண்டும் சேர்த்து, காலையும் மாலையும் சுத்தமான கரண்டியால் கலக்க வேண்டும். வாய்க்கு மூடி வேண்டாம், இரண்டாக மடித்த வேட்டித் துணி போதும். தயாரான உறையில் இஞ்சித் துருவல் முழுக்க மேலே ஏறித் தடித்த அடையாக மிதக்கும், அடியில் தண்ணீர் கலங்கலாக வெளுத்திருக்கும். கரண்டியை விட்டதும் அந்த அடை உடைந்து, 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு பொடி நுரை விளிம்பு வரைக்கும் ஏறி, கொஞ்ச நேரத்தில் அடங்கும். வாசனை இஞ்சியும் பழப் புளிப்புமாக இருக்கும். அந்தச் சத்தம் கேட்காத உறையைப் பானத்தில் ஊற்றாதீர்கள்.

"மூணு நாளாச்சு, ஒரு குமிழிகூட இல்ல"

முதலில் இஞ்சியைச் சந்தேகப்படுங்கள். நாம் ஈஸ்ட் என்று தனியாக எதையும் போடவில்லை. வேலை செய்யப்போகும் ஈஸ்ட் இஞ்சித் தோலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோலைச் சீவிவிட்டால் அதையும் சீவிவிட்டீர்கள். பேரங்காடியில் பளபளவென்று கழுவி அடுக்கியிருக்கும் இறக்குமதி இஞ்சியில் தோல் இருந்தும் பயனில்லாமல் போகலாம். நன்றாகக் கழுவப்பட்டிருக்கும், முளைக்காமல் இருக்கக் கதிர்வீச்சு கொடுக்கப்படுவதும் உண்டு. காலைச் சந்தையில் மண் ஒட்டியபடி விற்கும் உள்ளூர் இஞ்சியை வாங்குங்கள். பெந்தோங் இஞ்சி கிடைத்தால் காரமும் மணமும் வேறு ரகம், விலையும் அப்படித்தான். உறைக்கு அதுவே வேண்டும் என்று இல்லை, மண் வாசனை போகாத எந்த இஞ்சியும் போதும். மண்ணை மட்டும் லேசாக அலசிவிட்டு, தோலோடு துருவுங்கள்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் கிருமி சாகக் குளோரின் கலக்கிறார்கள், அது நம் ஈஸ்ட்டையும் விட்டுவைக்காது. கொதிக்க வைத்தால் குளோரின் போய்விடும். ஆனால் கொதித்ததை ஆறும் முன்பே ஊற்றுவது இன்னும் மோசம். 40 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தளரும், 50ஐத் தாண்டினால் மிஞ்சாது. சாடியின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் சூடே தெரியக் கூடாது.

சீனிக்குப் பதில் இனிப்பு மாத்திரையோ ஸ்டீவியாவோ போட்டிருந்தால் ஈஸ்ட்டுக்குச் சாப்பிட ஒன்றுமே இல்லை. பச்சைத் தேனும் ஆரம்பத்தில் வேண்டாம், அதற்குக் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு. வெள்ளைச் சீனியோடு ஒரு துண்டு குலா மலாக்கா (தென்னை வெல்லம்) சேர்த்தால் நல்லது. ஈஸ்ட்டுக்கு வேண்டிய தாதுச் சத்து கொஞ்சம் அதிலிருந்து கிடைக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், கழுவிய அன்னாசிப் பழத்தோல் இரண்டு துண்டு போட்டு ஒரு நாள் பாருங்கள். அதில் ஈஸ்ட் நிறைய. குமிழி வந்ததும் தோலை எடுத்துவிடலாம்.

கேமரன் மலையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்த நாள் கணக்கு பொருந்தாது. தானா ராத்தாவில் இரவு 18 டிகிரிக்கு இறங்கும். அங்கே ஒரு வாரம் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

"நல்லாத்தான் பொங்குச்சு, திடீர்னு அடங்கிருச்சு"

மற்ற எல்லாக் கோளாறையும் சேர்த்தாலும் இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். வைத்தியமும் சுலபம். ஒரு சிறு கரண்டி எடுத்து நாக்கில் வையுங்கள்.

இனிப்பே இல்லாமல் புளிப்பு மட்டும் இருந்தால் உறை பசியில் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி சீனி என்பது சுமார் 12 கிராம். 20 டிகிரியில் அது ஒரு நாள் முழுக்க வரும். நம் சூட்டில் நன்றாக எழுந்துவிட்ட உறைக்கு அது பாதி நாளுக்குக்கூடப் போதாது. காலையில் போட்ட தீனி மத்தியானமே தீர்ந்து, சாயங்காலம் நீங்கள் பார்க்கும்போது துருவல் எல்லாம் அடியில் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் தினமும் இரு வேளை தீனி போடுங்கள். பசித்த உறை சீனி விழுந்த சில மணி நேரத்தில் மறுபடி குமிழி விடும். இதைவிடத் தெளிவான சோதனை வேறு கிடையாது.

இனிப்பு அப்படியே இருந்தால் கதை வேறு. தீனி இருக்கிறது, தின்ன ஆள் இல்லை. ஈஸ்ட் எண்ணிக்கை போதவில்லை, அல்லது புளிப்பு ஏறிப்போய் அது சோர்ந்துவிட்டது. இந்த நிலையில் மேலும் மேலும் சீனி கொட்டினால் பாகுதான் ஆகும். சீனியை நிறுத்தி, புது இஞ்சி மட்டும் ஒரு கரண்டி போட்டு, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நன்றாகக் கலக்குங்கள். ஈஸ்ட் பெருகுவதற்குக் காற்று வேண்டும், கலக்குவதே அதற்குத்தான்.

ஒரு வாரம் தாண்டிய சாடியில் பழைய துருவலே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதை வடித்துப் பாதியை எடுத்துவிடுங்கள். நீரிலும் பாதியை ஊற்றிவிட்டு ஆறிய தண்ணீர் சேருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போனால் சாடிதான் பெரிதாகும், உறை பலமாகாது.

"மேல வெள்ளையா படிஞ்சிருக்கு"

சாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் பக்கவாட்டில் பாருங்கள். தட்டையாக, மங்கல் வெள்ளையாக, பால் ஆடை மாதிரி சுருக்கம் விழுந்து, ரோமம் எதுவும் இல்லாமல் இருந்தால் அது காம் ஈஸ்ட் என்று சொல்லும் படல ஈஸ்ட். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ருசியைத்தான் கெடுக்கும். கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, சாடியின் உள்விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து, தீனி போட்டு அடிக்கடி கலக்குங்கள். காற்றுப் படும் மேற்பரப்பு அசையாமல் கிடந்தால்தான் அது படரும்.

பஞ்சு மாதிரி உப்பி, ரோமம் ரோமமாக, பச்சை, நீலம், கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறம் காட்டினால் அது பூஞ்சணம். வழித்துவிட்டு உபயோகிக்கலாமா என்று கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவது மேல்பகுதிதான், அதன் இழைகள் கீழே இறங்கியிருக்கும். மொத்தத்தையும் கொட்டி, சாடியைக் கொதிநீரில் அலசி, துணியை மாற்றிப் புதிதாகத் தொடங்குங்கள். இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

"வாடை சரியில்ல"

அழுகிய முட்டை வாடை என்றால் ஈஸ்ட் சத்துக் குறைவில் கந்தக வாயு விடுகிறது. நன்றாகக் கலக்கி, குலா மலாக்கா சேர்த்துத் தீனி போட்டால் ஓரிரு நாளில் போய்விடும்.

நகப்பூச்சு வாடை என்றால் சூடு அதிகம். அடுப்புக்குப் பக்கத்திலோ, வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலோ, குளிர்பெட்டியின் பின்பக்கச் சூடு படும் இடத்திலோ சாடி இருக்கும். தோட்ட வீடுகளில் பெரும்பாலும் குளியலறைச் சுவரை ஒட்டிய தரைதான் குளிர்ச்சியான இடம். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் சாடியை நிறுத்தி, ஈரத் துணியைச் சுற்றிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அந்தத் தண்ணீர்த் தட்டு எறும்பையும் தடுக்கும் என்பதால் வாடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படி வைப்பதே நல்லது.

மூக்கைக் குத்தும் வினிகர் வாடை வந்தால் புளிக்காடி பாக்டீரியா புகுந்துவிட்டது. சாராயத்தையும் காற்றையும் வைத்து அது காடி ஆக்குகிறது. அதைச் சுமந்து வருவது பெரும்பாலும் பழ ஈ. துணியின் இழை நெருக்கமாக இருக்கிறதா, ரப்பர் வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். லேசான வாடையாக இருந்தால் இரண்டு கரண்டி மட்டும் எடுத்துப் புதுச் சாடியில் தொடங்கலாம். முற்றிவிட்டால் திருத்த முடியாது. அதற்காக வீணும் இல்லை, காய்கறி அச்சாருக்கு இஞ்சி மணக்கும் காடியாக அது பிரமாதம்.

வாந்தி வாடை, சாக்கடை வாடை என்றால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

"கொழகொழன்னு ஆயிருச்சு"

கரண்டியைத் தூக்கினால் நூல் மாதிரி இழுக்கும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் பயப்படும் அளவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. லியூகோனோஸ்டாக் வகை லாக்டிக் பாக்டீரியா நாம் போடும் சீனியை எடுத்து டெக்ஸ்ட்ரான் என்ற கொழகொழப்புப் பொருளைக் கட்டுகிறது. சூடும் சீனியும் அதிகம், புளிப்பு இன்னும் ஏறவில்லை என்றால் அதற்குக் கொண்டாட்டம். வாசனை நன்றாக இருந்தால் இரண்டு கரண்டி எடுத்துப் புதுத் தண்ணீரில் போட்டு, லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை இரண்டு பிழிந்து, சீனியைக் குறைத்து, இஞ்சியைக் கூட்டித் தொடங்குங்கள். புளிப்பு ஏற ஏறக் கொழகொழப்பு விலகும். வாசனையும் கெட்டிருந்தால் கொட்டிவிடலாம்.

இஞ்சி பீரில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்தே வாழ்கின்றன என்பது பழைய கண்டுபிடிப்பு. ஹாரி மார்ஷல் வார்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், இங்கிலாந்து வீடுகளில் இஞ்சி பீருக்குப் பயன்பட்ட உறைக் கட்டிகளை ஆராய்ந்து 1892ல் அதை விளக்கினார். அந்தக் கட்டியில் பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கூழ் போன்ற போர்வையைக் கட்டிக்கொள்கிறது, ஈஸ்ட் அதற்குள் சிக்கி வாழ்கிறது. நம் சாடி உறை அந்தக் கட்டி வகை இல்லை, ஆனால் கூட்டுக் குடித்தனம் இங்கேயும் உண்டு. இந்த வார்டை நான் மறக்காமல் குறிப்பிடுவதற்கு இன்னொரு காரணம்: 1880 முதல் 1882 வரை இலங்கையில் காப்பி இலைத் துரு நோயை ஆராய்ந்தவரும் அவர்தான். நம் சனம் கடல் தாண்டிப் போய் வேலை செய்த காப்பித் தோட்டங்களை அழித்த நோய் அது.

"அக்கா, போத்தல் கல்லு மாதிரி ஆயிருச்சு, தொறக்கவே பயமா இருக்கு"

பயப்படுவது சரிதான். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

பானத்துக்கு என் அளவு இது: இரண்டு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, 160 கிராம் சீனி கரைத்து, நன்றாக ஆறியபின் எலுமிச்சைச் சாறும், லிட்டருக்கு நாலு மேசைக்கரண்டி வடித்த உறையும். ஆக லிட்டருக்கு 80 கிராம் சீனி. ஒரு லிட்டர் பானத்தில் 4 கிராம் சீனி நொதித்தால், அந்தப் பானத்தின் அளவுக்குச் சமமான கரியமில வாயு, அதாவது ஒரு பங்கு வாயு உண்டாகும். கடையில் விற்கும் சோடாவில் இருப்பது மூன்றரை, நாலு பங்கு. அதற்கு 16 கிராம் சீனி போதும். மீதி 64 கிராம் இனிப்புக்காகப் போட்டது. ஆனால் ஈஸ்ட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெளியே வைத்தபடி மறந்துவிட்டால் அது மீதியையும் தின்னத் தொடங்கும். 80 கிராமும் தீர்ந்தால் 20 பங்கு வாயு. அதைத் தாங்கும் போத்தல் எந்த வீட்டிலும் இல்லை.

ஆகவே கண்ணாடிப் போத்தல் வேண்டாம். சாஸ் போத்தல், கார்டியல் போத்தல் எதுவும் வேண்டாம். வெடித்தால் சில்லு கண்ணுக்குத்தான் வரும். காற்றடைத்த பானம் வந்த பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, மேலே மூன்று விரல் இடம் விட்டு நிரப்பி, இறுக மூடுங்கள். தண்ணீர்ப் போத்தல் மெல்லியது, அது உதவாது. நிரப்பிய அன்று அமுக்கினால் உள்ளே போகும். நம் சூட்டில் மறுநாளே இறுகத் தொடங்கும். கட்டைவிரலால் அழுத்திப் பள்ளம் விழவில்லை என்றால் உடனே குளிர்பெட்டிக்குள். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை நாள்தான். காலையும் மாலையும் அமுக்கிப் பார்க்க வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை அடைப்பது நல்லது.

ஏற்கெனவே கல்லாகிவிட்டதா? திறக்காதீர்கள், குலுக்காதீர்கள். போத்தலைத் துண்டில் சுற்றி அப்படியே குளிர்பெட்டியில் ஒரு முழு நாள் வையுங்கள். குளிர்ந்த நீர் அதிக வாயுவைத் தன்னுள் பிடித்து வைக்கும், அழுத்தம் இறங்கும். அப்புறம் சிங்க்கில் நிறுத்தி, முகத்தைத் தள்ளி வைத்து, மூடியைக் கால் சுற்றுத் திருகி, சத்தம் அடங்கவிட்டு, மறுபடி இறுக்குங்கள். நுரை எட்டிப் பார்த்தால் இறுக்கிப் பொறுங்கள். இப்படி மெல்ல மெல்லத்தான் திறக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தாலும் ஈஸ்ட் தூங்குமே தவிரச் சாகாது, அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள்.

அதே கணக்கில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. லிட்டருக்கு 17 கிராம் சீனி நொதித்தால் ஏறக்குறைய ஒரு விழுக்காடு சாராயம். சொன்ன நேரத்தில் குளிரில் வைத்த பானத்தில் அந்த ஒரு விழுக்காட்டை ஒட்டி இருக்கும், முழுக்க நொதித்ததில் நாலரை விழுக்காட்டுக்கு மேலே, அதாவது பீருக்குச் சமம். பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களுக்கு இஞ்சித் தண்ணீர் என்று சொல்லி நீட்டிவிடாதீர்கள், அது பெரிய துரோகம். சந்தையில் விற்கும் எண்ணமும் வேண்டாம், மதுபானம் தயாரித்து விற்பது கலால் உரிமம் சம்பந்தப்பட்டது.

"போத்தல்ல கேஸே ஏறல"

உறை 'ஸ்ஸ்' சத்தம் வரும் முன்பே ஊற்றியிருப்பீர்கள், அல்லது பானம் ஆறியிருக்காது. இரண்டும் இல்லை என்றால் மூடியைப் பாருங்கள். பழைய மூடியின் உள்வளையம் தேய்ந்திருந்தால் வாயு கசிந்துகொண்டே இருக்கும். போத்தலைத் தலைகீழாகப் பிடித்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். மூடி நல்லது, பானம் இன்னும் இனிக்கிறது என்றால் போத்தலுக்கு இரண்டு கரண்டி புது உறை சேர்த்து இன்னொரு நாள் பொறுங்கள்.

அடியில் வெள்ளையாகப் படிவது ஈஸ்ட்தான். கோளாறு இல்லை. ஆட்டாமல் ஊற்றினால் போதும்.

"தைப்பூசத்துக்கு ஈப்போ போறோம், இத என்ன செய்ய?"

ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வருவதற்கெல்லாம் ஒன்றும் வேண்டாம், கிளம்பும்போது இரட்டைத் தீனி போட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் தாங்கும். நாலு நாளுக்கு மேல் என்றால் தீனி போட்டு, இரண்டு மணி நேரம் வெளியே விட்டு, குமிழி தொடங்கியதும் மூடியை லேசாகத் திருகிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு தீனி அங்கே போதும்.

திரும்பி வந்து எடுத்த அன்றே பானத்தில் ஊற்றக் கூடாது. பாதியைக் கொட்டி, ஆறிய தண்ணீர் சேர்த்து, இரு வேளை தீனியில் இரண்டு நாள் வெளியே விடுங்கள். முதல் நாள் துருவல் அடியிலேயே கிடக்கும், அதற்காக இஞ்சியை மாற்றவோ சீனியைக் கூட்டவோ வேண்டாம். இரண்டாம் நாள் சாயங்காலம் அடை மேலே ஏறி, கலக்கும்போது சத்தம் வந்தால் அன்றிரவே இஞ்சியைத் தட்டிக் கொதிக்கப் போடலாம்.